ஓட்டை போட்ட புழுவும் ஒரு பச்சை இலையும்

அந்தக் குழந்தைப் புத்தகத்தை அச்சடிக்க அமெரிக்காவில் கட்டுப்படியாகும் அச்சகமே கிடைக்கவில்லை. காரணம், பக்கங்களில் இருந்த ஓட்டைகள். எரிக் கார்ல் எழுதி, படமும் செய்த 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' 1969இல் வெளிவந்தது. பசி அடங்காத ஒரு புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளைத் துளைத்துத் தின்கிறது. செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. கிழமைக்கு ஒரு பக்கம். திங்களின் பக்கம் ஒடுக்கமாக இருக்கும். நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போகும். ஒவ்வொரு பழத்திலும் நிஜமாகவே ஒரு வட்டத் துளை. அளவு மாறும் பக்கங்களை வெட்டி, துளையிட்டு, அடுக்கித் தைக்க ஆகும் கூலியைக் கேட்டாலே விலை எங்கேயோ போய்விட்டது. பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் ஜப்பானில் விசாரித்து, அங்கே அச்சடிக்க ஏற்பாடு செய்தார். முதல் பதிப்பு அப்படித்தான் வந்தது.

கதையே ஓட்டையில்தான் பிறந்தது. காகிதக் கட்டு ஒன்றில் பஞ்சிங் மெஷினால் துளையிட்டுக்கொண்டிருந்தபோது கார்லுக்குப் புத்தகப்புழு ஞாபகம் வந்ததாம். வில்லி என்ற புழுவின் ஒரு வாரக் கதையாக எழுதிக் கொண்டுபோனார். பெனடூஸுக்கு அந்தப் புழுமேல் அவ்வளவு பிரியம் வரவில்லை; வண்ணத்துப்பூச்சியின் புழுவாக மாற்றினால் என்ன என்று கேட்டார். கார்லுக்கு அந்த நொடியே கடைசிப் பக்கம் தெரிந்துவிட்டது. இன்று அந்தப் புத்தகம் 60க்கும் மேற்பட்ட மொழிகளில், 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. உலகத்தில் மிகப் பலர் முதன்முதலாகப் பார்த்த பூச்சியின் வாழ்க்கை வரலாறு இதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே இதை ஓர் உயிரியல் பாடமாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் ஓட்டை. ஒன்பது மாதக் குழந்தையின் முன் ஒரு பொருளின் வண்ணப் படத்தை வைத்தால் என்ன செய்யும்? அமெரிக்க உளவியலாளர் ஜூடி டெலோச்சியும் சகாக்களும் இதைச் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் படத்தைத் தேய்த்தன, தட்டின, சில அதைத் தாளிலிருந்து பிடுங்கி எடுக்கவே முயன்றன. மேற்கு ஆப்பிரிக்காவில், படப் புத்தகமே அறியாத சிற்றூர்க் குழந்தைகளும் அப்படியே செய்தன. ஒன்றரை வயதைத் தாண்டிய பிறகுதான் பிடுங்குவது நின்று, சுட்டிக்காட்டுவது தொடங்குகிறது. படம் என்பது பொருள் அல்ல, பொருளைக் குறிப்பது என்பதே குழந்தை கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. கார்லின் புத்தகம் இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பழத்தைப் பிடுங்க முடியாது. ஆனால் புழு போன வழியில் விரல் போகும். தின்பது என்பது ஒரு பொருள் இல்லாமல் போவது. அதை ஓட்டையைக் காட்டிலும் தெளிவாக வரைந்து காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, ஆசிரியர்களும் பூச்சி ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் குறை. கதையின் முடிவில் புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு, கூட்டைக் கொறித்து ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நூல் நூற்றுக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வேலை. பட்டுப்புழு அதற்கு உலகறிந்த உதாரணம்; ஒரே இழையாகச் சுமார் ஒரு கிலோமீட்டர் நூலைச் சுற்றி அதற்குள் ஒடுங்கும். வண்ணத்துப்பூச்சியின் புழு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. கடைசித் தோலை உரித்ததும் உள்ளேயிருந்து வரும் கூட்டுப்புழுவின் மேற்புறமே இறுகி ஓடாகிவிடும். போர்வை கிடையாது, ஒரு கொம்பில் வெறுமனே தொங்கும், அல்லது இடுப்பில் ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும்.

கார்ல் இந்தக் குறைக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஐஸ்கிரீமும் குச்சி மிட்டாயும் தின்கிற புழு எந்தக் கள வழிகாட்டியிலும் அகப்படாது என்றார். சிறுவயதில் அப்பா தன்னைக் கூட்டைவிட்டு வெளியே வா என்று கூப்பிடுவாராம். அந்தச் சொல்லை விட மனமில்லை. கூடவே, பர்னாசியஸ் என்னும் மலைநாட்டு வண்ணத்துப்பூச்சி இனம் மெல்லிய கூடு கட்டும் என்ற தகவலையும் எடுத்துப்போட்டார். அது உண்மைதான். இமயமலை உள்ளிட்ட குளிர்ப் பகுதிகளில் வாழும் அவை, தரையில் சருகுகளுக்கு இடையே இழைகளைக் கோத்து அதற்குள் கூட்டுப்புழுவாகின்றன.

இந்த வழக்கில் கார்ல் பக்கமே தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் கொறித்துக்கொண்டு வெளிவரும் இடத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. முதிர்ந்த வண்ணத்துப்பூச்சிக்குக் கொறிக்கும் தாடையே இல்லை. சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல்தான் உண்டு. கூட்டுப்புழுவின் ஓடு தலைப்பக்கம் பிளக்க, அது நெளிந்து வெளியே வரும். பட்டு அந்து கூடக் கூட்டைக் கொறிப்பதில்லை. வாயிலிருந்து புரதத்தைக் கரைக்கும் நொதியை உமிழ்ந்து, இழைகளை இளக்கிக்கொண்டு வருகிறது.

குறை சொல்கிறவர்கள் கவனிக்காத வேடிக்கை ஒன்று உண்டு. ஆப்பிளைத் துளைத்து உள்ளே போகும் புழு, கூடு கட்டும் புழு: இந்த இரண்டு அடையாளத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பூச்சியியலாளரிடம் போனால் அவர் தயங்காமல் காட்லிங் அந்துப்பூச்சி என்பார். ஆப்பிள் தோட்டக்காரர்களின் தீராத தலைவலி அது. பேரிக்காயிலும் இருக்கும், சில நேரம் பிளம்ஸிலும் இருக்கும். ஆகத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கார்லின் புழு இயற்கை விதிப்படிதான் நடந்திருக்கிறது. வியாழக்கிழமை ஸ்ட்ராபெரியில்தான் தடம் மாறுகிறது. காட்லிங் புழு பழத்தைவிட்டு இறங்கி, மரப்பட்டை இடுக்கில் பட்டுக்கூடு கட்டும். முழு உண்மையைச் சொல்வதென்றால், கடைசிப் பக்கம் முழுக்க விரியும் அந்த வண்ணக் கோலாகலத்துக்குப் பதிலாக, சிறகு விரித்தால் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாத ஒரு சாம்பல் நிற அந்து உட்கார்ந்திருக்க வேண்டும். 5 கோடிப் பிரதிகள் விற்றிருக்காது.

வளர்ச்சியின் வேகத்தில் கார்ல் ஒன்றும் மிகைப்படுத்திவிடவில்லை. பட்டுப்புழு முட்டையிலிருந்து வந்து ஏறத்தாழ நான்கே வாரத்தில் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்த எடையைப் போல் சுமார் 10,000 மடங்கு ஆகிறது. மூன்று கிலோ குழந்தை ஒரே மாதத்தில் முப்பது டன் ஆனால் எப்படியோ அப்படி. புழுவின் தோல் ஓரளவுக்கு மேல் விரியாது, அதனால்தான் தோலுரிப்பு. அந்த இடத்தைக் கதை தாண்டிப் போய்விடுகிறது. முதல் சாப்பாடும் ஆப்பிள் அல்ல. பல இனங்களில் புழு முதலில் தின்பது தான் பொரித்து வந்த முட்டையின் ஓட்டைத்தான்.

சனிக்கிழமைதான் கதையின் உச்சம். சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், பாலாடைக்கட்டி, சலாமி, குச்சி மிட்டாய், செர்ரி பை, சாசேஜ், கப்கேக், தர்ப்பூசணி என்று பத்து வகை உள்ளே போகின்றன. ராத்திரி வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை புழு ஒரே ஒரு பச்சை இலையைத் தின்கிறது, வலி போய்விடுகிறது. இந்தப் புத்தகத்தில் ஓர் உயிரியலாளர் அடிக்கோடு போட வேண்டிய பக்கம் இந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

புழுவுக்கும் இலைக்கும் உள்ள உறவு அவ்வளவு இறுக்கமானது. பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை, முட்டைக்கோஸ் வெள்ளை என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குக் கடுகுக் குடும்பச் செடிகள், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கு. பூச்சிகள் தின்றுவிடாமலிருக்கத் தாவரங்கள் தமக்குள் காரமும் கசப்புமான சரக்குகளைத் தயாரித்து வைத்திருக்கின்றன. எல்லாச் சரக்கையும் செரிக்கும் வயிறு எந்தப் புழுவுக்கும் இல்லை. பெரும்பாலான இனங்கள் ஏதாவது ஒரு தாவரக் குடும்பத்தின் நஞ்சை முறிக்கப் பழகி, பிறகு அதையே அடையாளமாகக் கொண்டு தம் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கின்றன. 1910இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட் ஒரு வேலை செய்தார். முட்டைக்கோஸ் புழு சீண்டாத இலைகளில், கடுகுக்குக் காரம் தருகிற சினிகிரின் என்ற பொருளைத் தடவி வைத்தார். புழுக்கள் தின்ன ஆரம்பித்துவிட்டன. மற்றப் பூச்சிகளை விரட்டும் அதே காரம் இதற்கு விருந்தழைப்பு. எருக்கில் வளரும் புழு இன்னும் கெட்டிக்காரத்தனமாக, எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை தின்று அவதிப்பட்ட பறவை அடுத்த முறை கிட்டே வராது.

இலையைத் தேர்ந்தெடுப்பது புழு அல்ல, தாய். முட்டையிட வந்த வண்ணத்துப்பூச்சி ஓர் இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டுவதைப் பார்க்கலாம். அந்தக் கால்களில் சுவை அறியும் நுண்மயிர்கள் இருக்கின்றன. அது இலையை ருசி பார்க்கிறது. சரியான செடி என்று தெரிந்தால்தான் முட்டை. தப்பான செடியில் இட்டால், பொரித்து வரும் புழு பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். கார்லின் கதை நிலா வெளிச்சத்தில் ஓர் இலைமேல் இருக்கும் முட்டையோடு தொடங்குவது தற்செயலோ என்னவோ, சரியான தொடக்கம்.

இந்த உறவை முதன்முதலாக அழுத்தமாகப் படத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மரியா சிபில்லா மேரியன். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1647இல் பிறந்தவர்; 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. 1668இல் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி, துணியால் மூடிய ஜாடி இறைச்சியில் புழு வைப்பதில்லை என்று காட்டிக்கொண்டிருந்தார். 1679இல் வெளிவந்த மேரியனின் புழுப் புத்தகத்தில் 50 படங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு செடி. அதே செடியின் மேல் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி எல்லாம் இருக்கும். குத்தூசியில் செருகி வரிசைப்படுத்தும் சேகரிப்பாளரின் படம் அல்ல அது. 1699இல், 52 வயதில், இளைய மகளோடு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். உடம்பு கெட்டு 1701இல் திரும்பி, 1705இல் 60 பெரிய படங்களோடு இன்னொரு நூலை வெளியிட்டார். அவை குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் இன்றைய பல குழந்தைப் புத்தகங்களைக் காட்டிலும் ஒரு குழந்தைக்கு அவை நிறையச் சொல்லும்.

கடைகளில் தொங்கும் பூச்சிகள் சார்ட்டைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு ஒரு பூச்சி, அந்தரத்தில். செடியும் இல்லை, மண்ணும் இல்லை. ஈக்கும் யானை வண்டுக்கும் ஒரே அளவு. நத்தையும் பூரானும் சிலந்தியும் பூச்சிக் கணக்கில் சேர்ந்திருக்கும். குச்சி மிட்டாய் தின்னும் புழுவைக் கண்டு எந்தக் குழந்தையும் ஏமாறாது. அது வேடிக்கை என்று மூன்று வயதிலேயே தெரியும். இந்தச் சார்ட்டுதான் ஏமாற்றுகிறது. உண்மை போன்ற முகத்தை வைத்துக்கொண்டு, பூச்சி எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்ற முக்கியமான இரண்டையும் விட்டுவிடுகிறது.

பூச்சிக்குச் சட்டை மாட்டிப் பேசவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. டொரொன்டோவில் பட்ரீசியா கானியாவும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத விலங்குகளைப் பற்றிய படப் புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். விலங்கு மனிதரைப் போல் பேசி நடக்கும் புத்தகத்தைக் கேட்ட குழந்தைகள், நிஜ விலங்குக்கும் மனித குணங்களை ஏற்றிச் சொல்வது அதிகமாக இருந்தது. உண்மைத் தகவலை அவர்கள் உள்வாங்குவதும் குறைந்தது. இதை வைத்துப் பேசும் எறும்புகளையெல்லாம் நாடு கடத்தச் சொல்லவில்லை. கதைக்கு ஒரு புத்தகம், அறிவதற்கு ஒரு புத்தகம் என்று இரண்டும் வீட்டில் இருந்தால் போதும். கார்லின் புழு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது தின்கிறது, உப்புகிறது, வலியில் முழிக்கிறது. முழிப்பதற்கு அவர் இரண்டு பெரிய கண்களைக் கொடுத்திருக்கிறார். நிஜப் புழுவுக்குத் தலையின் பக்கத்துக்கு ஆறாகப் புள்ளிக் கண்கள். வெளிச்சத்தையும் மங்கலான உருவத்தையும் தாண்டி அவற்றுக்கு அதிகம் தெரியாது.

கார்லுக்கு இந்தச் சின்ன உயிர்கள்மேல் பிரியம் வந்தது அப்பாவால். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் 1929இல் பிறந்தவர். ஆறு வயதில் பெற்றோரோடு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார். அப்பா அவரைக் காட்டு வழியே அழைத்துப்போய், கல்லைப் புரட்டி, மரப்பட்டையை விலக்கி, அடியில் ஓடும் பூச்சிகளைக் காட்டி, பிறகு அவற்றைப் பத்திரமாக இருந்த இடத்தில் விடுவாராம். போர் வந்தது. அப்பா ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு, ரஷ்யச் சிறையில் கிடந்து 1947இல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கல் புரட்டிய நாட்கள் முடிந்துபோயின. கார்லின் பூச்சிப் புத்தகங்கள் எல்லாமே அந்த நாட்களுக்குச் செலுத்தும் கடன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவற்றில் சிலந்தியும் சுவர்க்கோழியும் தனிக் கவனத்துக்கு உரியவை. 1984இல் வந்த சிலந்திப் புத்தகத்தில் வலையின் இழைகள் தாளில் மேடாக எழும்பி நிற்கும். பார்வையில்லாத குழந்தையும் விரலால் தடவி வலை வளர்வதை அறியலாம். 1990இல் வந்த சுவர்க்கோழிப் புத்தகம் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் கிரீச்சிடும். அதில் குட்டிச் சுவர்க்கோழி சிறகுகளைத் தேய்த்துப் பார்க்கிறது, சத்தம் வருவதில்லை. இன்னொரு சுவர்க்கோழியைச் சந்தித்த பிறகு வருகிறது. காலைத் தேய்த்துக் கத்துகிறது என்று பலரும் நினைக்கும் இடத்தில் கார்ல் சிறகு என்று சரியாகச் சொல்லிவிட்டார். ஒரு சிறகில் அரம் போன்ற பற்கள், இன்னொன்றில் கீறும் விளிம்பு. ஆண் மட்டுமே பாடும். கேட்கும் காது முன்னங்காலில் இருக்கிறது. ஆனால் முட்டையிலிருந்து வந்த குட்டிக்குத் தேய்ப்பதற்குச் சிறகே கிடையாது. பல முறை தோலுரித்து, கடைசி உரிப்புக்குப் பிறகுதான் முழுச் சிறகு வரும். கூட்டைப் பற்றி இத்தனை ஆண்டு வாதாடியவர்கள் இந்தச் சிறகைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை. வண்ணத்துப்பூச்சிக்கு இருக்கும் வக்கீல்கள் சுவர்க்கோழிக்கு இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டுச் செடியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் ஊரில் வசதி அதிகம். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஏதாவது ஒன்று தெருவுக்குத் தெரு இருக்கும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில்தான் முட்டையிடுகின்றன. இளம் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். அதனால் குழந்தைதான் முதலில் கண்டுபிடிக்கும், பெரியவர்கள் துடைத்துப் போடப் பார்ப்பார்கள். கடைசிக்கு முந்தைய தோலுரிப்பில் பச்சையாகி, முதுகில் கண் போன்ற பொய்ப் புள்ளிகள் தெரியும். கார்லின் புழுவைப் போல் பெரிய கண்களோடு விழிப்பது அப்போதுதான். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவட்டுக்கொம்பு ஒன்று நீளும், நெடி அடிக்கும்.

கொண்டுவந்து வளர்ப்பதானால் காற்று போகும் பெட்டி வேண்டும். எந்தச் செடியில் எடுத்தோமோ அந்தச் செடியின் இலையைத்தான் போட வேண்டும், பூச்சிமருந்து படாததாக. கூட்டுப்புழுவான பிறகு நோண்டக் கூடாது. உள்ளே பழைய தசைகளில் பெரும்பகுதி கரைந்து, சிறகும் காலும் புதிதாக உருவாகும் நேரம் அது. எல்லாமே அழிந்துவிடுவதில்லை. 2008இல் டக்ளஸ் பிளாக்கிஸ்டன், மார்த்தா வைஸ் குழுவினர், வளர்ந்த புகையிலை அந்துப்புழுக்களுக்கு ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். அவை அந்துகளான பிறகும் அந்த வாசனையைக் கண்டு விலகின. நம் பெட்டியில் பத்து நாள் வாக்கில் ஓடு பிளந்து, கசங்கிய சிறகோடு பூச்சி வெளியே வரும்; நரம்புகளில் திரவம் ஏறிச் சிறகு விரிய நேரம் ஆகும். பாவம் என்று கையால் உதவினால் சிறகு முடமாகிவிடும்.

சில நேரம் பூச்சி வராது. ஓடு பழுப்பேறி, ஊசித் துளை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து சின்னஞ்சிறு குளவிகள் வரிசையாகப் பறக்கும். கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதையே உணவாக்கி வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. மேரியனுக்கும் இது நடந்தது. வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்த்துக் காத்திருந்த இடத்தில் ஈயும் குளவியும் வந்ததை அவர் மறைக்காமல் வரைந்து வைத்திருக்கிறார். கார்லின் புத்தகத்தில் குளவி கிடையாது. மூன்று வயதுக்கு அது தேவையில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு, எலுமிச்சைச் செடியில் அது கண்ணில் பட்டுவிட்டால், மேரியனின் படத்தை எடுத்துக் காட்டலாம்.